தராசுக்கு முத்திரை இருக்கிறது, தண்ணீருக்கு?

தராசின் முத்திரைக் காலம் முடிந்துவிட்டால் உறக்கம் வராத முதலாளிமார் எமது வர்த்தக சமூகத்தில் பலர் இருக்கின்றனர். அளவையில் மோசடி செய்வோருக்கு அல்குர்ஆன் விடுத்துள்ள எச்சரிக்கையைச் சிறு வயது முதல் ஓதி வந்தவர்கள் அவர்கள். ஆனால் அதே கடையில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கானோர் குடிக்கும் தண்ணீரைப் பற்றிக் கேட்டால், "அது நல்ல தண்ணி தான்" என்பதோடு கதை முடிந்துவிடுகின்றது. எதைக் கொண்டு அளந்தீர்கள் என்று கேட்டால் பதில் இல்லை.

தண்ணீருக்கும் தராசு உண்டு. அந்தத் தராசைப் பையில் போட்டுக்கொண்டு வருபவர்தான் பி.எச்.ஐ. மாத்தயா என்று நாம் அழைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். அவர் என்ன கற்றுவிட்டு வருகின்றார், அவரது பையில் என்னென்ன இருக்கின்றன, அவற்றில் எதனை நாமே கற்றுக்கொண்டு எமது கடையில் பயன்படுத்தலாம் என்பனவே இவ்வாரக் கட்டுரையின் விடயங்களாகும்.

முதற் கருவி கண்

எமது நாட்டில் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களின் பயிற்சியென்றால் களுத்துறையே நினைவுக்கு வரும். 1926 ஆம் ஆண்டு இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்ட அதே ஊரில்தான் இன்று தேசிய சுகாதார விஞ்ஞான நிறுவகம் இயங்கி வருகின்றது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் எமது கடைகளுக்குள் நுழைந்து பரிசோதிக்கும் அதிகாரமும் இவர்களுக்கு உண்டு.

குடிநீர்ப் பரிசோதகர் ஒருவருக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது கருவியை அல்ல, பார்க்கும் முறையை. உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கென எளிய வினாப் படிவங்களைத் தயாரித்துள்ளது. கிணற்றுக்கான படிவத்தில் உள்ள வினாக்கள் சில இவை. கிணற்றிலிருந்து 10 மீற்றருக்குள் மலசலகூடம் உள்ளதா? அருகில் உள்ள மலசலகூடம் கிணற்றை விட உயரமான நிலத்தில் உள்ளதா? கிணற்றடியில் தண்ணீர் தேங்குகின்றதா? கிணற்றைச் சுற்றியுள்ள சீமெந்துத் தளத்தில் வெடிப்பு உள்ளதா? வாளியும் கயிறும் நிலத்தில் கிடக்கின்றனவா? ஒவ்வொரு "ஆம்" என்பதற்கும் ஒரு புள்ளி. புள்ளி கூடக் கூட ஆபத்தும் கூடுகின்றது.

இதற்கு மின்சாரமும் தேவையில்லை, இரசாயனமும் தேவையில்லை. ஆனால் இந்தக் கேள்விகளைத் தனது கிணற்றடியில் நின்று தானே கேட்டுப் பார்த்த ஹோட்டல் முதலாளி எத்தனை பேர்? காத்தான்குடி, சாய்ந்தமருது, மருதமுனை போன்ற மணற்பாங்கான, வீடுகள் நெருங்கிய ஊர்களில் முதலாவது கேள்வியே பலருக்குச் சிக்கலானது. நமது வளவில் குழி தூரமாக இருந்தாலும் பக்கத்து வளவுக் குழி எங்கே இருக்கின்றது என்பதையும் பார்க்க வேண்டியுள்ளது.

ஒரு சாப்பாட்டுக் கடையில் நான் கேட்ட உரையாடல் இது.

"முதலாளி, மேல இருக்கிற தாங்கி கடைசியா எப்ப கழுவின?"

"கிட்டடியில தான் சேர்."

"கிட்டடி எண்டா எந்த மாசம்?"

முதலாளி பதில் சொல்லவில்லை. பரிசோதகரும் தாங்கியில் ஏறிப் பார்க்கவில்லை. "ஒரு கொப்பி வெச்சி திகதி எழுதுங்க" என்று மட்டும் கூறினார். பயிற்சி பெற்ற கண் என்பது இதுதான். எழுதப்படாத துப்புரவு, செய்யப்படாத துப்புரவாகவே கணிக்கப்படும் என்பதை நாமும் விளங்கிக்கொள்ள வேண்டும்.

பைக்குள் இருப்பவை

அடுத்ததாகக் கருவிகளுக்கு வருவோம். மிக முக்கியமானது குளோரின் அளக்கும் சிறு பெட்டி. தண்ணீரை ஒரு சிறு குழாயில் எடுத்து டி.பி.டி. இலக்கம் 1 என்ற வில்லையைப் போட்டால், கிருமியை எதிர்க்கும் ஆற்றலுடைய குளோரின் மிஞ்சியிருக்குமானால் இளஞ்சிவப்பு நிறம் தோன்றும். நிறத்தை அட்டையுடன் ஒப்பிட்டு அளவை வாசிக்க வேண்டியதுதான். குழாயில் வந்து சேரும் தண்ணீரில் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் வழிகாட்டல். நீச்சல் தடாகங்களுக்கென விற்கப்படும் சில பெட்டிகளில் மஞ்சள் நிறம் காட்டும் திரவம் இருக்கும். அது மொத்தக் குளோரினைக் காட்டுவது. கிருமியை எதிர்க்க எவ்வளவு மிஞ்சியிருக்கின்றது என்பதைத் தனியாகக் காட்டாது. வாங்கும்போது இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, எச்2எஸ் போத்தல். 1982 ஆம் ஆண்டு இந்திய விஞ்ஞானிகள் அறிமுகப்படுத்திய மலிவான முறை இது. மருந்து தோய்த்த தாள் வைத்த போத்தலில் தண்ணீரை நிரப்பி ஓரிரு நாட்கள் வெப்பமான இடத்தில் வைத்தால், மல அசுத்தம் கலந்த தண்ணீர் கறுப்பாக மாறும். இது எச்சரிக்கை மணி மாத்திரமே. நிலத்தடி நீரில் இயற்கையாகவே கந்தகம் இருந்தாலும் கறுக்கக்கூடும். ஆகவே கறுத்தால் ஆய்வுகூடத்திற்கு அனுப்ப வேண்டும்.

மூன்றாவது, மாதிரி எடுக்கும் போத்தலும் ஐஸ் பெட்டியும். பார்வைக்கு அற்பமானவை. ஆனால் பயிற்சியின் முழுப் பெறுமதியும் இங்குதான் தெரியும். போத்தல் கிருமி நீக்கப்பட்டதாக இருக்க வேண்டும். குளோரின் கலந்த நீருக்கான போத்தலில் சோடியம் தயோசல்பேற் இருக்க வேண்டும். இல்லையேல் வழியிலேயே குளோரின் கிருமிகளைக் கொன்றுவிட, அசுத்தமான தண்ணீருக்கு நல்ல சான்று கிடைத்துவிடும். மாதிரியை ஐஸில் வைத்து, முடிந்தால் ஆறு மணித்தியாலத்திற்குள், எவ்வாறாயினும் ஒரு நாளைக்குள் ஆய்வுகூடத்தில் ஒப்படைக்க வேண்டும். தண்ணீர் மாதிரியைப் பழைய சோடாப் போத்தலில் அடைத்துக் கொண்டு செல்லும் வியாபாரிகளை நானே கண்டிருக்கின்றேன். அந்த அறிக்கைக்குக் கொடுக்கும் பணம் வீண் செலவாகும்.

ஆய்வுகூடம் எதைப் பார்க்கின்றது? குடிநீருக்கான இலங்கைத் தரநிர்ணயம் எஸ்.எல்.எஸ். 614 ஆகும். 2013 இல் திருத்தப்பட்ட அத்தரத்தின்படி 100 மில்லிலீற்றர் தண்ணீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பி.எச். பெறுமானம் 6.5 இற்கும் 8.5 இற்கும் இடையில் இருக்க வேண்டும். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமையும், புளோரைட்டு 1 மில்லிகிராமையும் தாண்டக் கூடாது. கற்பிட்டி, யாழ்ப்பாணம் போன்ற பசளை அதிகம் பாவிக்கப்படும் பிரதேசங்களில் நைத்திரேற்றும், வட மத்திய மாகாணத்தில் புளோரைட்டும் கவனிக்கப்பட வேண்டியவை. இவற்றைக் கொதிக்க வைத்துப் போக்க முடியாது என்பதையும் நினைவிற் கொள்க.

இப்போது கையடக்கத் தொலைபேசியும் இப்பையில் சேர்ந்துள்ளது. கிணற்றின் இருப்பிடம், புகைப்படம், அளவீடு, திகதி ஆகிய அனைத்தையும் அந்த இடத்திலேயே பதிவு செய்யும் எம்வாட்டர் போன்ற செயலிகள் உலகின் பல நாடுகளில் பயன்பாட்டில் உள்ளன. தாளில் எழுதிய பதிவு பின்னர் மாற்றி எழுதப்படலாம். இடமும் நேரமும் தானாகப் பதிவாகும்போது அதற்கு இடம் குறைவு.

கனடாவிலிருந்து ஒரு படிப்பினை

பதிவில் பொய் எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகறிந்த உதாரணம் ஒன்று உண்டு. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் வோக்கர்டன் என்பது சுமார் 5,000 பேர் வாழும் சிறு நகரம். 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்த கடும் மழையில் பண்ணை மாட்டெரு கிணறொன்றினுள் கலந்தது. ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றனர். ஏழு பேர் உயிரிழந்தனர்.

விசாரணையில் வெளிவந்த விடயங்கள் அதிர்ச்சியானவை. குளோரினை நாள்தோறும் அளக்க வேண்டிய ஊழியர்கள் அளக்கவில்லை. அளந்ததாகப் பதிவேட்டில் கற்பனை இலக்கங்களை எழுதி வந்தனர். அவர்களிடம் அனுமதிப்பத்திரம் இருந்தது. ஆனால் அதனைப் பரீட்சையோ முறையான பயிற்சியோ இன்றிப் பெற்றிருந்தனர். தண்ணீர் அசுத்தமானது என்ற ஆய்வுகூட அறிக்கை வந்த பின்னரும் அதனைச் சுகாதார அதிகாரிகளிடம் மறைத்தனர். குளோரினையும் கலங்கல் தன்மையையும் இடைவிடாது அளக்கும் தன்னியக்கக் கருவி அக்கிணற்றில் பொருத்தப்பட்டிருந்தால் இப்பேரழிவு தடுக்கப்பட்டிருக்கும் என விசாரணை ஆணைக்குழு 2002 இல் கூறியது. 2004 இல் அதே நகரத்திலேயே குடிநீர் ஊழியர்களுக்கான பயிற்சி நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது.

செல்வமும் விஞ்ஞானமும் நிறைந்த நாட்டிலேயே இந்த நிலை. கருவி இல்லாமையும் பயிற்சி இல்லாமையும் ஒருபுறமிருக்க, அமானத் இல்லாமையே அங்கு உயிர்களைக் கொன்றது. எமது நாட்டிலும் 2007 ஆம் ஆண்டு கம்பளையில் பரவிய செங்கமாரி நோயைப் பலர் மறந்திருக்கமாட்டார்கள். அப்போதும் குடிநீரின் மீதே சந்தேகம் எழுந்தது.

விற்பனையாளரின் வித்தை

கருவியின் பெயரால் எம்மை ஏமாற்றுவோரும் இருக்கின்றனர். தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரம் விற்க வருபவர் இரண்டு கோப்பைகளில் தண்ணீர் எடுத்து இரும்புக் கம்பிகளை இட்டு மின்சாரம் பாய்ச்சுவார். எமது குழாய்த் தண்ணீர் கபில நிறமாகிக் கசடு கட்டும். அவருடைய தண்ணீர் தெளிவாகவே இருக்கும். "பாருங்க, இவ்வளவு அழுக்கைத்தான் குடிக்கிறீங்க" என்பார். உண்மையில் அந்தக் கபில நிறம் கம்பியிலிருந்து கரைந்த இரும்பின் துருவாகும். உப்புக்கள் உள்ள தண்ணீரில் மின்சாரம் பாயும். உப்பு நீக்கப்பட்ட தண்ணீரில் மிகக் குறைவாகவே பாயும். வித்தை அவ்வளவுதான்.

அவ்வாறே, டி.டி.எஸ். மீற்றர் எனப்படும் பேனை போன்ற கருவி கரைந்துள்ள உப்புக்களின் அளவை மாத்திரமே காட்டும். கிருமியைக் காட்டாது. மலசலகூடக் குழியின் கசிவு கலந்த தண்ணீரிலும் அது நல்ல இலக்கத்தைக் காட்டலாம். வட மத்திய மாகாணத்தில் சிறுநீரக நோய் அச்சத்தின் காரணமாகப் பெருகியுள்ள ஆர்.ஓ. தண்ணீர் வியாபாரத்தில் ஈடுபடுவோர் இதனைக் கட்டாயம் விளங்கிக்கொள்ள வேண்டும். அந்தத் தண்ணீரில் குளோரின் மிஞ்சியிருப்பதில்லை. எனவே கழுவப்படாத ஒரு கேன் போதும், அத்தனை சுத்திகரிப்பும் பாழாகிவிடும்.

எமது கடையில் செய்யக்கூடியவை

முதலாவதாக, குளோரின் அளக்கும் டி.பி.டி. பெட்டி ஒன்றை வாங்கி, ஊழியர் ஒருவருக்குப் பழக்குங்கள். அப்பகுதி பி.எச்.ஐ.யிடமே காட்டித் தருமாறு கேளுங்கள். காலையில் ஒரு தடவை அளந்து கொப்பியில் எழுதினால் போதும்.

இரண்டாவதாக, கணக்கை விளங்கிக்கொள்ளுங்கள். 30 சதவீத வலுவுள்ள குளோரின் தூள் ஏறத்தாழ மூன்றேகால் கிராம், 1,000 லீற்றர் தண்ணீருக்கு லீற்றருக்கு 1 மில்லிகிராம் குளோரினைத் தரும். ஆனால் தூள் பழசாகப் பழசாக வலுவிழக்கும். அழுக்கான தண்ணீர் குளோரினை விழுங்கிவிடும். ஆகவேதான் போட்ட அளவை நம்பக் கூடாது. அரை மணித்தியாலத்தின் பின் மிஞ்சிய அளவையே அளக்க வேண்டும். கண்மட்டத்தில் அள்ளிப் போடுவது, தராசின்றி அரிசி விற்பதற்குச் சமம்.

மூன்றாவதாக, பவுசரில் தண்ணீர் வாங்கினால் எங்கு நிரப்பப்பட்டது என்று கேட்டு, இறக்குவதற்கு முன் குளோரினை அளந்து பாருங்கள். ஐஸ் வாங்கினாலும் எந்தத் தண்ணீரில் செய்தது என்று கேளுங்கள். உறைவதால் கிருமிகள் எல்லாம் செத்துவிடுவதில்லை.

நான்காவதாக, போத்தல் தண்ணீர் விற்போர் லேபலில் சுகாதார அமைச்சின் பதிவு இலக்கத்தையும் எஸ்.எல்.எஸ். முத்திரையையும் பார்த்து வாங்குங்கள். பெட்டிகளைக் கடை வாசலில் வெயிலில் அடுக்காதீர்கள்.

பரிசோதகர்கள் சிலர் காரணமின்றிக் கெடுபிடி செய்கின்றனர் என்ற முறைப்பாட்டை வியாபாரிகள் என்னிடம் அடிக்கடி கூறுவதுண்டு. அதற்கும் மருந்து அளவீடுதான். ஆறு மாதக் கொப்பியைத் திறந்து காட்டும் கடைக்காரரிடம் "தண்ணீர் சரியில்லை" என்று வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. "சேர், நீங்களும் அளந்து பாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்கும் உரிமை அவருக்குக் கிடைக்கின்றது. இலக்கம் முதலாளிக்கும் பொது, அதிகாரிக்கும் பொது.

ஊர் வர்த்தக சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஒன்றிணைந்து, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்தின் உதவியுடன் ஒரு நாள் பயிற்சி வகுப்பை நடத்தினால் பெரும் நன்மையாகும். ஹவ்ழும் தாங்கியும் உள்ள பள்ளிவாசலிலேயே செய்முறையையும் ஆரம்பிக்கலாம்.

இஸ்லாமிய வரலாற்றில் சந்தையைக் கண்காணித்த முஹ்தஸிப்மார் இருந்தனர். அவர்களுக்கெல்லாம் முன்னர், தானியக் குவியலினுள் தமது கையை விட்டு உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, அதனை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் வினவியவர்கள் நபி (ஸல்) அவர்கள். மேற்பரப்பின் தோற்றத்தை அவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. தெளிந்த தண்ணீரும் அத்தகைய ஒரு மேற்பரப்புத்தான். எமது தாங்கிக்குள் கையை விட்டுப் பார்க்க அதிகாரி வரும் வரை காத்திருக்காமல், இன்ஷா அல்லாஹ், இந்த வாரமே ஒரு கொப்பியும் ஒரு குளோரின் பெட்டியும் வாங்கி ஆரம்பிப்போமாக.