பெயர் சொல்லாமல் வரும் வாடிக்கையாளர்

கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டதால்தான் பேராக் ஆற்றின் குறுக்கே செண்டரோ அணை எழுந்தது. 1930இல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் யாருக்குப் போனது என்பது அன்று ஈப்போ முழுக்கத் தெரிந்த செய்தி. அணையின் இன்றைய திறன் ஏறக்குறைய 40 மெகாவாட். பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள் இப்போது கட்டும் தரவு மையங்களில் ஒன்றே 100 மெகாவாட்டுக்கு மேல் கேட்கிறது, அதுவும் இரவு பகல் ஓயாமல். நம் கைப்பேசிப் படங்களைச் சேமித்து, செயற்கை நுண்ணறிவை இயக்கும் கணினிகளைக் குளிர்விக்கப் பல மையங்கள் குடிநீரையே ஆவியாக்குகின்றன. கட்டடத்தைவிட, இவ்வளவையும் கேட்பவர் தன் பெயரையும் தேவையையும் மறைப்பதுதான் நாம் எதிர்க்க வேண்டியது.

சிலாங்கூரில் தோட்டமாக இருந்த எல்மினாவில், 2024 மே மாதம் சைம் டார்பி புரோப்பர்ட்டி நிறுவனம் ஒரு தரவு மையத்தைக் கட்டிக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் செய்தது. குத்தகைதாரராகத் தாளில் இருந்த பெயர் பேர்ல் கம்ப்யூட்டிங் மலேசியா. அது கூகல் குடும்பத்து நிறுவனம் என்று பெயரைப் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது. ஜொகூரில் செம்பனை நின்ற கூலாய் யங் தோட்டத்தில் ஒய்.டி.எல். தரவு மையப் பூங்கா எழுந்திருக்கிறது. அந்த மாநிலம் முதலில் வாசலைத் திறந்துவிட்டு, நீர் நெருக்கடி தெரிந்தபின், 2025இல், தண்ணீரை மிகுதியாகக் குடிக்கும் வகை மையங்களுக்கு இனி அனுமதியில்லை என்றது. நீர்க்கணக்கை முன்பே கேட்டிருக்கலாம்.

நம் பேராக் மாநிலத்திலும் தோட்ட நிலத்துக்குப் பஞ்சமில்லை, ஆறும் இருக்கிறது. தோட்டம் கைமாறிய பிறகே வாங்கியவர் யாரென்று தெரிந்துகொண்ட வரலாறும் நமக்கு உண்டு. தோட்டங்கள் துண்டுதுண்டாக விற்கப்பட்டதற்கு எதிராகத்தான் சுங்கை சிப்புட் மண்ணின் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். இன்று லயங்களில் பழைய குடும்பங்கள் அதிகமில்லை, உண்மைதான். ஆனால் தண்ணீர்க் குழாய் தோட்ட எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

நீர், மின் கணக்கு வணிக ரகசியம், வெளியிட்டால் போட்டியாளர் பயன்படுத்திக்கொள்வார் என்பது நிறுவனங்களின் வாதம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலத்தின் தி டாலஸ் நகராட்சி இதையே சொல்லி, கூகலின் நீர்க்கணக்கைக் கேட்ட செய்தித்தாளுக்கு எதிராக 2021இல் நீதிமன்றம் போனது. 2022இல் வழக்கு சமரசத்தில் முடிந்து கணக்கு வெளிவந்தபோது, நகரின் நீரில் கால் பங்குக்கும் மேலாகக் கூகல் பயன்படுத்தியது தெரிந்தது. அதனால் கூகல் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. இப்போது தன் மையங்களின் நீர்க்கணக்கைத் தானே வெளியிடுகிறது. பாதுகாப்புக்காக மறைக்கிறோம் என்ற வாதம் இதைவிடப் பலவீனமானது: கணினி அறையின் வரைபடத்தை யாரும் கேட்கவில்லை, மீட்டர் கணக்கைத்தான் கேட்கிறோம்.

வேலைவாய்ப்பைக் காட்டி அவசரப்படுத்துவார்கள். கட்டும்போது ஆள் நிறைய வேண்டும். கட்டி முடித்தபின் அவ்வளவு பெரிய கூரையின் கீழ் சிலர் போதும். அந்தச் சில வேலைகளையும் வேண்டாமெனச் சொல்ல வேண்டியதில்லை. மலேசியாவில் நிலம் மாநிலத்தின் அதிகாரம். விவசாய நிலத்தைத் தொழில் நிலமாக மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டும். பேரம் பேச வலுவான இடம் அதுதான். இறுதிப் பயனாளரின் பெயர், நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், எத்தனை மெகாவாட் ஆகிய மூன்றையும் ஒப்புதலுக்கு முன்பே வெளியிட வேண்டுமென நிபந்தனை வைக்கலாம். சிலாங்கூரிலும் பினாங்கிலும் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு; பேராக் சட்டமன்றமும் அதை இயற்றலாம், விண்ணப்பங்கள் மேசையில் குவியும் முன்பே.