விதியும் விதியை நடத்துவோனும்

பெரும் இணையச் சேவைகளை இக்காலத்தில் ஒரு கணினி தனித்து நடத்துவதில்லை. பல கணினிகள் ஒரு தொகுதியாகப் பிணைக்கப்பெற்று, செய்நிரல்கள் கொள்கலன் எனப்படும் தனித்தனி உறைகளுள் இயங்குகின்றன. இத்தகைய தொகுதியை மேற்பார்க்கும் மென்பொருள்களுள் முதன்மையானது குபெர்நெற்றிஸ். சுக்கான் பிடிப்போன் எனப் பொருள்படும் இக்கிரேக்கப் பெயருடன் கூகிள் நிறுவனத்தார் அதனை 2014ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

வெளியிலிருந்து வரும் வேண்டுகோள் எச்சேவையைச் சென்றடைய வேண்டும் என வரையறுப்பது இன்கிறெஸ் என்னும் உட்புகு விதியாகும். ஆயின், விதி எழுதப்பட்டமையால் மட்டும் நடைமுறைக்கு வந்துவிடாது. குபெர்நெற்றிஸ் அதனை ஏற்றுப் பதிந்து வைக்குமேயன்றித் தானே நிறைவேற்றாது. நிறைவேற்றுவது கட்டுப்படுத்தி என்னும் வேறொரு செய்நிரல். அதனைத் தொகுதியின் பொறுப்பாளரே தெரிந்து நிறுவுதல் வேண்டும்.

ஒரு நிறுவனத்தில் இரு கட்டுப்படுத்திகள் உள்ளன எனக் கொள்வோம். ஒன்று பொதுமக்களுக்கான வாயில். மற்றையது ஊழியர்க்கு மட்டுமான உள்வாயில். சம்பளக் கணக்குச் சேவைக்குரிய விதியில் எவ்வாயில் என்பது குறிக்கப்படாவிடின் யாது நிகழும்? கட்டுப்படுத்திகளின் அமைப்பைப் பொறுத்து, இரண்டும் அதனைக் கைவிடலாம்; அப்போது வழி அடைபடும். இரண்டும் அதனைத் தமதாக்கிக் கொள்ளலாம். அப்போது உள்ளே இருக்கவேண்டிய கணக்கு ஊரார் வாயிலில் வெளிப்படும். முன்னதினும் பின்னதே பெருந்தீங்கு.

இதனைத் தவிர்க்க, தொடக்கத்தில் விதியின் மேற்குறிப்பாகக் கட்டுப்படுத்தியின் வகுப்புப் பெயர் எழுதப்பட்டது. அது முறைப்படி வரையறுக்கப்பட்டதன்று. 2020ஆம் ஆண்டில் வெளிவந்த 1.18ஆம் பதிப்பு, வகுப்பைத் தனிப் பொருளாக்கி, விதியினுள் அதன் பெயருக்கென ஓர் இடத்தையும் வகுத்தது. ஒரு வகுப்பை இயல்பு வகுப்பாகக் குறித்தலும் கூடும். பெயரின்றிப் புதிதாக எழுதப்படும் விதிகள் அதனையே சாரும். முன்னரே எழுதப்பட்ட விதிகளுக்கு இது பொருந்தாது என்பது நினைவிற்கொள்ளத் தக்கது. பிழையான பெயரை எழுதினும் விதி மறுப்பின்றிப் பதிவாகும். ஆனால் அதனை நடத்துவோர் எவருமிலர்.

பெயர் சுட்டுவதன் பயன் மாற்றக் காலத்திலும் விளங்கும். பலரும் கையாண்ட இன்கிறெஸ் என்ஜின்எக்ஸ் என்னும் கட்டுப்படுத்தியின் பராமரிப்பு 2026 மார்ச்சு மாதத்துடன் முடிவுறும் என 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. வகுப்பைத் தெளிவாகக் குறித்தோர், புதிய கட்டுப்படுத்தியை வேறொரு பெயரில் பழையதன் அருகே நிறுவி, விதிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து மாற்றலாம். பழையதற்கே உரிய மேற்குறிப்புகளை மட்டும் புதியதற்கேற்பத் திருத்துதல் வேண்டும். பெயர் குறியாதார்க்கோ, எவ்விதி எவர் பொறுப்பில் உள்ளது என்பதை அறிவதே முதற்பணியாகும்.

ஆதலின், இன்னது செய்க என்னும் விதி, இன்னார் செய்க என்பதையும் கூறும்போதே நிறைவுறும்.