ஜீப் கூரையில் ஒர்க் லைட்: வயரிங்கில் கோட்டை விடலாமா?

ராத்திரி ஒன்பது மணி. தோட்டத்துக் கிணற்று மோட்டார் மக்கர் பண்ணுகிறது. ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, இன்னொருவர் கீழே விழுந்த நட்டைத் தேடுகிறார். இந்த அவஸ்தையைப் பட்டவர்களுக்குத்தான் வண்டிக் கூரையில் இருந்து விழும் வெளிச்சத்தின் அருமை தெரியும். தார், ஜிம்னி, கூர்க்கா போன்ற ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை வைத்திருப்பவர்கள் எல்.இ.டி. ஒர்க் லைட் தேடுவதும் இதற்காகத்தான்.

லைட் ஆன்லைனில் ஈஸியாகக் கிடைத்துவிடும். மாட்டுவதும் பெரிய வேலை இல்லை. ஆனால், பேட்டரியில் இருந்து கூரை வரை போகும் அந்த நாலைந்து மீட்டர் வயரில்தான் விஷயமே இருக்கிறது. அதில் கோட்டை விட்டால் லைட் மங்கலாக எரிவதோடு போகாது. வண்டியே எரியலாம்.

முதலில் கணக்கு

60 வாட் லைட் இரண்டு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். மொத்தம் 120 வாட். வண்டியில் இருப்பது 12 வோல்ட். 120-ஐ 12-ஆல் வகுத்தால் 10 ஆம்பியர். வீட்டில் 230 வோல்ட்டில் இதே 120 வாட், அரை ஆம்பியர் அளவுக்குத்தான் இழுக்கும். வாட் ஒன்றாக இருந்தாலும், வண்டியில் வயர் சுமக்க வேண்டிய கரன்ட் கிட்டத்தட்ட 20 மடங்கு. ‘வீட்டுல மிச்சமிருந்த வயரே போதும்’ என்ற எண்ணம் தப்பாகப் போவது இங்கேதான்.

வயர் மெலிந்தால் வோல்டேஜும் வழியிலேயே குறையும். போக 5 மீட்டர், எர்த் திரும்பிவர 5 மீட்டர் என 10 மீட்டர் செம்பு வயரில் 10 ஆம்பியர் ஓடினால், 1 சதுர மி.மீ. வயரில் சுமார் 1.7 வோல்ட் காணாமல் போகும். 2.5 சதுர மி.மீ. என்றால் 0.7 வோல்ட், 4 சதுர மி.மீ. என்றால் 0.4 வோல்ட். காணாமல் போகும் அந்த வோல்டேஜ்தான் வயரைச் சூடாக்குகிறது. இந்த இரண்டு லைட்டுக்கு 2.5 போதும்; பின்னாளில் இன்னொரு லைட் சேர்க்கும் ஐடியா இருந்தால் 4 வாங்கிவிடலாம்.

ஃபியூஸ் யாருக்குக் காவல்?

ஃபியூஸ் லைட்டைக் காப்பாற்றத்தான் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது வயருக்குக் காவல். வயரின் தோல் உரிந்து பாடியில் பட்டால், கார் பேட்டரி நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைத் தள்ளிவிடும். ஃபியூஸ் இல்லாவிட்டால் வயரே பழுத்து, மேல் தோல் உருகி, பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக்கில் தீப்பிடிக்கும்.

அதனால், ஃபியூஸை பேட்டரி பாசிட்டிவ் முனையில் இருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரிக்கும் அதற்கும் நடுவில் உள்ள வயர் முழுக்கக் காவல் இல்லாமல் கிடக்கும். 10 ஆம்பியர் ஓடும் 2.5 சதுர மி.மீ. வயருக்கு 15 ஆம்பியர் ஃபியூஸ் சரியாக இருக்கும். அடிக்கடி போகிறதே என்று 30 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகுவது, அலாரம் சத்தம் போடுகிறது என்று அதன் வயரைப் பிடுங்குவது மாதிரி.

ரிலே எதற்கு?

டேஷ்போர்டு ஸ்விட்ச் வழியாக 10 ஆம்பியரையும் ஓடவிட்டால், ஸ்விட்ச் சீக்கிரமே கருகும். ரிலே இருந்தால் ஸ்விட்ச் வழியாக ஓடுவது சொற்பக் கரன்ட்தான். பெரிய கரன்ட்டை பானட்டுக்குள் இருக்கும் ரிலே பார்த்துக்கொள்ளும்.

நாலு பின் ரிலேயில் எண்கள் அச்சிட்டிருக்கும். 30-ல் பேட்டரியில் இருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர். 87-ல் லைட்டுக்குப் போகும் வயர். 86-ல் ஸ்விட்ச். 85-ல் எர்த். அவ்வளவுதான். ஸ்விட்சுக்கான சப்ளையை, சாவி போட்டால் மட்டும் உயிர்பெறும் ஃபியூஸில் இருந்து எடுப்பது நல்லது. இன்ஜின் ஓடாமல் இந்த லைட்டுகள் இரண்டு மணி நேரம் எரிந்தாலே 20 ஆம்பியர்-அவர் காலி. 60 ஆம்பியர்-அவர் பேட்டரியில் அது மூன்றில் ஒரு பங்கு. காட்டுக்குள் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் நிற்பதற்கு இதுபோதும்.

ஹெட்லைட் வயரை வெட்டி இணைப்பு எடுக்கவே வேண்டாம். புதிய வண்டிகளில் விளக்குகளைக் கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது. அது எரர் காட்டலாம். வாரன்டியிலும் சிக்கல் வரலாம்.

கூரைக்கு எந்த வழி?

வழி இரண்டு. ஒன்று, வெளியே. பானட் ஓரத்தில் இருந்து கண்ணாடி விளிம்பை ஒட்டி மேலே போவது. ஜிம்னியில் இருப்பதுபோல கூரை ஓரத்தில் மழைநீர்க் கால்வாய் இருந்தால் வேலை சுலபம். கேரியரை அதிலேயே கிளாம்ப் போட்டு மாட்டலாம், ஓட்டை போட வேண்டாம். பானட் திறந்து மூடும்போது வயர் நசுங்காதபடி கொஞ்சம் தளர்வு விட வேண்டும்.

இன்னொன்று, உள்ளே. இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவில் உள்ள ரப்பர் வளையம் வழியாக நுழைந்து, முன் கண்ணாடியோரத் தூணில் ஏறுவது. பார்க்க நீட்டாக இருக்கும். ஆனால், கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டிகளில் அது விரியும் பாதையே அந்தத் தூண்தான். வயர் ஏர்பேக்குக்குப் பின்னால்தான் போக வேண்டும். இரண்டையும் சேர்த்து டை போட்டுக் கட்டவே கூடாது. சந்தேகம் இருந்தால் வெளி வழியே மேல்.

தகரத்தில் ஓட்டை போட்டே ஆக வேண்டும் என்றால், வெட்டு விளிம்பில் துரு தடுக்கும் பெயின்ட், ரப்பர் வளையம், சீலன்ட் மூன்றும் அவசியம். வயர் உள்ளே நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும். மழைத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எந்த வழியானாலும் வயர் முழுக்க ஸ்லீவுக்குள் இருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றும் வேலை பானட் சூட்டில் நிலைக்காது. லக் போட்டு அழுத்தி, ஹீட் ஷ்ரிங்க் குழாய் மாட்டுங்கள்.

எர்த்தில் ஏமாற வேண்டாம்

மங்கல், மினுக்கல் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது எர்த்தைத்தான். பெயின்ட்டின் மேல் போல்ட் போட்டால் கரன்ட் போகாது. சுரண்டி, தகரம் தெரிய வைத்து முடுக்க வேண்டும். ஃபைபர் ஹார்ட்டாப் வண்டிகளில் கூரை கரன்ட்டைக் கடத்தாது என்பதால், எர்த் வயரைக் கீழே இரும்பு பாடி வரை இழுத்தே ஆக வேண்டும். பேட்டரி நெகட்டிவ் முனையில் சென்சார் உள்ள வண்டிகளில் எர்த்தை அந்த முனையில் மாட்டாமல் பாடியில் மாட்டுவதே சரி.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 111-வது விதி, முன்பக்கம் ஸ்பாட் லைட், சர்ச் லைட் பொருத்துவதைத் தடை செய்கிறது. விதிவிலக்கான சூழலில், பதிவு அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். 2019 சட்டத் திருத்தத்தின்படி, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். பின்பக்கமோ பக்கவாட்டிலோ பார்க்கும் லைட் என்றாலும், மாட்டும் முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுச் சாலையில் அதை எரியவிட்டால் எதிரே, பின்னே வருபவரின் கண் கூசும்.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிடுங்கள். முடித்த பிறகு, இன்ஜினை ஓடவிட்டு லைட்டை அரை மணி நேரம் எரியவிட்டு, வயர், ஃபியூஸ் ஹோல்டர், ரிலே ஒவ்வொன்றையும் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு எங்கே இருந்தாலும் அங்கே தப்பு நடந்திருக்கிறது. கரடுமுரடான பாதையில் ஒரு ரவுண்டு போய்வந்ததும் இதே சோதனையை மறுபடி செய்யுங்கள். ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுத்தாலும், ‘ஃபியூஸ் எங்க வெச்சீங்க, எத்தனை ஆம்பியர்?’ என்று கேட்டுவிட்டே பானட்டை மூடுங்கள்.