‘போர்’ அடிப்பது எதனால்?



நம் இளைஞர் நாவில் நாள்தோறும் பலமுறை புரளும் ஆங்கிலச் சொற்களுள் ஒன்று ‘போர்’ என்பது. வகுப்புப் போரடிக்கிறது, விடுமுறை போரடிக்கிறது, பார்த்த படம் போர், பாட்டி சொல்லும் கதையும் போர்! இத்துணைச் சுமையையும் ஒரே சொல்லின் தலையில் ஏற்றலாமா? இதுவே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழிலும் போரடித்தல் என்றொரு தொழில் உண்டு. களத்தில் மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி நடத்தி, தாளில் எஞ்சிய நெல்மணிகளை உதிர்ப்பதே அது. அந்த மாடுகளின் நிலையைக் கண்டுதான் நம் ‘போர்’ பிறந்தது என்று ஒருவர் சொன்னால் நகைத்து மகிழலாம். ஆனால் உண்மை வேறு. இது ஆங்கிலத்திலிருந்து வந்த ‘போர்’. அதனுடன் நம் ‘அடி’ என்னும் வினை சேர்ந்துகொண்டது. வெயில் அடிக்கிறது, காற்று அடிக்கிறது என்கிறோம் அன்றோ? புறத்தேயிருந்து வந்து நம்மீது படுவனவற்றிற்கே அவ்வினையை அங்கு ஆள்கிறோம். ஆகவே ‘எனக்குப் போரடிக்கிறது’ என்னும்போது, அதுவும் வெயிலைப் போல வெளியிலிருந்து வருவது, அதற்கு நாம் செய்யத்தக்கது ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம்மை அறியாமலே உடன் வந்துவிடுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு வயது மிகுதியன்று. துளைத்தல் என்னும் பொருளுடைய ‘போர்’ பழைய ஆங்கிலத்திலேயே உண்டு. மனச்சலிப்பைக் குறிக்கும் ‘போர்’ 1760களில்தான் உயர்குடியினரின் கடிதங்களில் தலைகாட்டுகிறது. துளைப்பதிலிருந்தே இப்பொருள் கிளைத்தது என்பர் சிலர்; சொல்லாராய்ச்சியாளர் அதனை உறுதியாக ஏற்பதில்லை. ‘போர்டம்’ என்ற பண்புப்பெயர் அடுத்த நூற்றாண்டில் எழுந்தது. சார்லஸ் டிக்கன்ஸ் 1852, 1853ஆம் ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ என்னும் நாவலில் அதனை ஆண்டார். அவரே அதைப் படைத்தார் என்று பலர் கூறுவர். எனினும் அதற்கு முன்பே அது அச்சில் வந்ததுண்டு.

சொல் புதியதாயினும் நோய் பழையது. நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் தவமிருந்த கிறித்தவத் துறவியர், நண்பகலில் சூரியன் நகராதது போலத் தோன்றி மனம் எதிலும் பொருந்தாத நிலையை ‘அக்கீடியா’ என்றனர். பிரெஞ்சுக்காரர் ‘ஆன்வீ’ என்பர். வெறுப்பைக் குறிக்கும் இலத்தீன் தொடரிலிருந்து பிறந்தது அது. செர்மானியர் வழங்கும் சொல்லுக்கு ‘நீண்ட பொழுது’ என்பது பொருள். நாம் ‘பொழுது போகவில்லை’ என்பதும் ஏறக்குறைய அதுவே அன்றோ!

சில ஆண்டுகளுக்கு முன் கல்லூரி மாணவர் குழுவொன்றுடன் நான் ஏற்காட்டிற்குச் சென்றிருந்தேன். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால், ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்தில் சேர்வராயன் மலைமீது அமைந்த ஊர் அது. அன்று மூடுபனி ஏரியையே மறைத்துவிட்டது. கைப்பேசிகளிலும் தொடர்பு கிட்டவில்லை. ‘போரடிக்கிறது ஐயா’ என்ற குரல்கள் எழுந்தன. எனவே அருகிலிருந்த காப்பித் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றேன். 1820களில் சேலம் கலெக்டராயிருந்த எம். டி. காக்பர்ன் இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார் என்பது வரலாறு.

அங்கே மேஸ்திரி ஒருவர் இலை மஞ்சளித்த ஒரு செடியருகே குனிந்து, அதன் தண்டை விரலால் தடவிக்கொண்டிருந்தார். பட்டையில் வரம்பு போன்ற புடைப்பு இருந்தது. ‘துளைப்பான் புகுந்துவிட்டது’ என்றார். காப்பித் தண்டுத் துளைப்பான் என்பது ஒரு வண்டு. பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும். புழு தண்டினுள் துளைத்துச் சென்று பல மாதம் தங்கி, செடியை உள்ளிருந்தே அழிக்கும். வெயில் படும் தண்டே அதற்கு விருப்பமாதலின், நிழல் மரங்களைப் பேணுவது ஒரு காப்பு. தாக்குண்ட செடியைப் பிடுங்கி எரித்துவிடுவர். ‘நீரில்லாமல் வாடினாலும் இலை மஞ்சளிக்கும், உரம் குறைந்தாலும் மஞ்சளிக்கும். நீருக்கு ஏங்கும் செடியை எரிக்கலாமா? அதனால்தான் தண்டைத் தடவிப் பார்க்கிறேன்’ என்றார் அவர்.

அப்பால் பழம் பறித்துக்கொண்டிருந்த மூதாட்டியிடம் மாணவி ஒருத்தி, ‘நாளெல்லாம் இதே வேலை, போரடிக்காதா பாட்டி?’ என்று கேட்டாள். காப்பிப் பழங்கள் ஒருங்கே பழுப்பதில்லை. சிவந்தவற்றை மட்டும் பொறுக்கிப் பறித்து, அதே செடிக்கு மீண்டும் மீண்டும் வரவேண்டும். ‘அந்தியிலே உடம்பு அலுத்துப்போகும் கண்ணு. மழை பிடித்து வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால்தான் பொழுது போகாது’ என்றார் அவர். குளிரில் நாள் முழுதும் நின்று பறிப்பது எளிது என்று நான் சொல்ல வரவில்லை. நாம் ஒரு சொல்லால் மூடிவிடும் இரண்டு நிலைகளை அவர் எத்துணைத் தெளிவாகப் பிரித்துக் காட்டினார் என்பதே நான் கூற வந்தது.

‘போர்’ என்பதும் மஞ்சளித்த இலை போன்றதே. அது நோயின் குறி. நோயின் பெயர் வேறாக இருக்கலாம். உடல் உழைத்து ஓய்ந்தால் அது அலுப்பு, ஓய்வே மருந்து. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்தால் வருவது சலிப்பு, மாற்றம் வேண்டும். இனியதையே மிகுதியாக நுகர்ந்தால் தெவிட்டும். சிறிது விலகியிருத்தல் வேண்டும். மணிக்கணக்கில் கைப்பேசியில் படம் பார்த்தபின் வருவது பெரும்பாலும் இதுவே. அதற்கு மேலும் ஒரு படம் மருந்தாகாது. பேசத் துணையின்றி வருவது தனிமை. அதற்கு ஒரு நண்பன் வேண்டும்.

இவற்றினும் முக்கியமானது ஒன்றுண்டு. ‘கணக்கு வகுப்புப் போர்’ என்று சொல்லும் மாணவரைச் சற்றே வினவிப் பாருங்கள். பலருக்கு மூன்று வாரத்திற்கு முன் நடந்த ஒரு பாடம் புரியாமல் நின்றிருக்கும். அதன்மேல் கட்டப்பட்டது ஒன்றும் விளங்கவில்லை. ‘புரியவில்லை’ என்று சொன்னால் ஆசிரியர் மறுபடியும் விளக்குவார். ‘போர்’ என்று சொன்னால் யார் என்ன செய்ய இயலும்? அச்சொல்லின் மறைவில் ஓராண்டுக் கல்வி கரைந்துபோவதை நான் கண்டிருக்கிறேன்.

ஆங்கிலச் சொல்லை விலக்குங்கள் என்று நான் கேட்கவில்லை. மொழிகள் கொண்டும் கொடுத்தும் வளர்வன. அடுத்த முறை அச்சொல் நாவில் எழும்போது, அலுப்பா, சலிப்பா, தெவிட்டலா, தனிமையா, புரியாமையா என்று ஒரு கணம் தண்டைத் தடவிப் பாருங்கள். சரியான பெயர் கிடைத்தால், செய்யவேண்டியது இன்னதென்பதும் பெரும்பாலும் விளங்கிவிடும்.