காற்றைத் தணிக்கும் மரங்கள்

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நெடுஞ்சுவர் என்றால், அச்சுவரில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பெருவாயில் திறந்திருக்கிறது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று இவ்வழியே குறுகி நுழைவதால் விரைவு மிகுந்து கொங்குச் சமவெளியில் வீசுகிறது. உடுமலை, பல்லடம் வட்டாரங்களில் காற்றாலைகள் பெருகியதற்குக் காரணமும் இதுவே. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பர். அம்மி பறந்ததை எவரும் கண்டதில்லை; குலைதள்ளிய வாழைத்தோட்டம் ஒரே இரவில் சாய்ந்துகிடப்பதைக் கண்ட உழவர்களோ பலர்.

இக்காற்றுக்கு எதிராக மதில் எழுப்பினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. இடைவெளியற்ற சுவரில் மோதும் காற்று மேலெழும்பி, மறுபக்கத்தில் சுழலாக இறங்கிப் பயிரை முறுக்கும். காற்றில் ஒரு பகுதியைத் தன்னூடே கசியவிடும் மரவரிசையே சிறந்தது. அதன் பரப்பில் ஏறத்தாழ பாதி இடைவெளியாக இருப்பது நன்று. கிளைகளும் இலைகளும் காற்றின் விசையைச் சிறிது சிறிதாக உறிஞ்சிவிடுகின்றன. மரத்தின் உயரத்தைப்போல் 10 மடங்குத் தொலைவுவரை காற்று நன்கு தணியும். அதன் தாக்கம் 20 மடங்குவரையும் உணரப்படும். 10 மீட்டர் உயர மரங்கள் 100 மீட்டர் வயலைக் காக்கும் என்பது இக்கணக்கு. வரிசையில் ஒரு மரம் பட்டுப்போனால் அவ்விடுக்கில் காற்று முன்னிலும் விரைந்து பாயும். ஆதலால் ஓட்டையுள்ள வரிசை சில இடங்களில் வரிசையே இல்லாததைவிடத் தீங்கானது.

கொங்குநாட்டார்க்கு இது புதிதன்று. காங்கேயம் பகுதியின் கொறங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களைச் சுற்றி முள்கிளுவை உயிர்வேலியும், உள்ளே வெள்வேல மரங்களும் உண்டு. மாட்டை அடைக்க வைத்த வேலி காற்றையும் தணித்தது. இன்று கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம், தோட்டங்களின் ஓரத்தில் காற்றுத்தடுப்பாக நடுவதற்கென்றே சவுக்கு வகைகளைத் தெரிந்தெடுத்து வழங்கியுள்ளது.

வால்பாறையில் சிக்கல் வேறு வகையானது. 1890களில் தொடங்கி இம்மலையில் மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலையும் காப்பியும் பயிரிடப்பட்டன. இடுப்பளவில் வெட்டிவிடப்படும் தேயிலைப் பரப்பில் காற்றைத் தடுப்பது எதுவுமில்லை. நிழலுக்கும் காற்றுத்தடுப்புக்கும் சில்வர் ஓக் நடப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரையைச் சேர்ந்த அம்மரம் விரைந்து வளரும், மிளகுக்கொடி ஏறத் தோதானது, கவாத்தையும் தாங்கும். ஆனால் அதன் கிளைகள் பெருங்காற்றில் எளிதில் முறியும். மழைக்காட்டுப் பறவைகளுக்கும் விலங்குகளுக்கும் அது தரும் உணவு மிகக் குறைவு.

தோட்டங்களுக்கிடையே தீவுகளாக எஞ்சிய காட்டுத்துண்டுகளே இங்குக் கவலைக்குரியவை. காட்டின் உட்புறம் ஈரமும் அமைதியும் உடையது. ஓரம் திறந்ததும் உலர்காற்று உள்ளே நுழைகிறது. நெருக்கத்தில் வளர்ந்து பழகிய நெடுமரங்கள் துணையின்றிச் சாய்கின்றன. வெளிச்சம் விழுந்த இடத்தை உண்ணிச்செடி பிடித்துக்கொள்கிறது. சோலைமந்தி உறங்குவதும் உண்பதும் அந்நெடுமரங்களில்தான். நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்னும் அமைப்பு, தோட்ட நிறுவனங்களின் ஒத்துழைப்புடன் இத்துண்டுகளில் களைகளை அகற்றி, நாற்றங்காலில் வளர்த்த வெடிப்பலா, நாங்கு, கருங்குங்கிலியம் போன்ற மண்ணின் மரங்களை மழைக்காலத்தில் நட்டு வருகிறது. ஓரத்தில் அடர்ந்து வளரும் இம்மரங்கள் காட்டுக்கே காற்றுவேலியாகின்றன. சில்வர் ஓக்கைவிட இவை மெல்ல வளரும். ஆயினும் நீண்டகால நோக்கில் இவற்றுக்கே முதலிடம் தரவேண்டும் என்பது என் கருத்து.

நடுவது எளிது, காப்பதே கடினம். வரிசை, காற்று வரும் திசைக்குக் குறுக்காக அமையவேண்டும். குட்டையும் நெட்டையுமாக இரண்டு மூன்று இனங்களைக் கலந்து நட்டால் அடிப்பகுதி வெறுமையாகாது. முதற்சில ஆண்டுகள் பட்டுப்போன கன்றுகளுக்கு ஈடாக மறுகன்று நடவேண்டும். வேர் வயலுக்குள் புகுந்து பயிரின் நீரைப் பறிக்காதிருக்க, வரிசைக்கும் பயிருக்கும் இடையே குழிவெட்டி வேரை அறுப்பதுண்டு. அமெரிக்கச் சமவெளியில் 1930களின் புழுதிப்புயல்களுக்குப் பின் 1942க்குள் ஏறத்தாழ 22 கோடி மரங்கள் வரிசைவரிசையாக நடப்பட்டன. அவற்றுள் பல பின்னாளில் முதுமையால் வீழ்ந்தன. பெரிய பாசன எந்திரங்கள் சுழல இடம் வேண்டிச் சில வெட்டப்பட்டன. முதல் வரிசை முதிருமுன் அதன் அருகே அடுத்த வரிசையை நட்டுவைப்பது நன்று.