5 வகுப்புக்கு 2 ஆசிரியர்: கற்றல் ஏணி காட்டிய வழி

2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 60 குழந்தைகள் வரை படிக்கும் தொடக்கப் பள்ளிக்கு 2 ஆசிரியர்களை வகுத்திருக்கிறது. தமிழ்நாட்டுக் கிராமங்களில் இத்தகைய ஈராசிரியர் பள்ளிகள் ஏராளம். ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை எல்லாம் அந்த இருவர் பொறுப்பு. அவர்களில் ஒருவர்தான் தலைமை ஆசிரியரும். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கூட்டம் என்று அவர் கிளம்பிவிட்டால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில்.

பாடநூலோ வேறொரு பள்ளியை மனத்தில் வைத்து எழுதப்படுகிறது. அங்கே வகுப்புக்கு ஓர் ஆசிரியர் இருப்பார். எல்லாப் பிள்ளைகளும் தவறாமல் வருவார்கள். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பக்கத்தைப் படித்து முடிப்பார்கள். கரும்பு வெட்டுக்கோ செங்கல் சூளைக்கோ பெற்றோருடன் போய்விட்டு ஒரு மாதம் கழித்துத் திரும்பும் பிள்ளைக்கு அந்தப் புத்தகத்தில் இடமில்லை. அவள் விட்டுப்போன பக்கத்தைத் தாண்டி வகுப்பு வெகுதூரம் போயிருக்கும். பின்வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதைப் புரியாமலே பார்த்து எழுதக் கற்றுக்கொள்வாள். ஐந்தாம் வகுப்புக்கு வந்தும் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாகிறார்கள்.

இந்தச் சிக்கலுக்கு ஆந்திரத்தின் மதனப்பள்ளிக்கு அருகில் உள்ள ரிஷிவேலியில் ஒரு விடை கிடைத்தது. தத்துவச் சிந்தனையாளர் ஜே. கிருஷ்ணமூர்த்தி அங்கே நிறுவிய பள்ளியைச் சுற்றியுள்ள கிராமங்களில், எல்லா வகுப்புப் பிள்ளைகளும் ஒன்றாக அமரும் சிறு பள்ளிகளை நடத்தியவர்கள் பத்மநாப ராவ், ரமா தம்பதி. பாடத்தைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, படிக்கு ஓர் அட்டை என்று எழுதினார்கள். எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைச் சுவரில் ஏணிபோல் வரைந்து மாட்டினார்கள். பிள்ளை தன் வேகத்தில் ஏறலாம். ஒரு மாதம் கழித்து வந்தாலும் விட்ட படியிலிருந்தே தொடரலாம்.

2003-இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதைச் சென்னைக்குக் கொண்டுவந்தார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்கே போய்ப் பார்த்தார்கள். திரும்பி வந்து, நம் பாடத்திட்டத்துக்கு ஏற்ற அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். 13 பள்ளிகளில் தொடங்கியது, அடுத்த ஆண்டு மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் பரவியது. அதுதான் செயல்வழிக் கற்றல்.

அந்த வகுப்பறைக்குள் முதல் முறையாக நுழைபவருக்கு ஆசிரியர் எங்கே என்றே தெரியாது. அவர் பாயில், பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பார். மேசை, நாற்காலி, பிரம்பு எதுவும் கண்ணில் படாது. சுவரின் கீழ்ப்பகுதி முழுவதும் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, ஆளுக்கொரு கட்டம். தலைக்கு மேலே கட்டிய கம்பியில் அவர்கள் வரைந்ததும் எழுதியதும் தொங்கும். ஏணியைப் பார்த்துத் தனக்குரிய அட்டை எது என்று பிள்ளையே தெரிந்துகொள்வாள். அட்டையில் உள்ள சிறு படம்தான் அடையாளம், அதற்கு எழுத்து தெரிந்திருக்க வேண்டியதில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு உரிய குழுவில் போய் அமர்வாள். புதிதாக ஒன்றைத் தொடங்குகிறவர்கள் ஆசிரியரைச் சுற்றி இருப்பார்கள். ஓரளவு பிடிபட்டவர்கள் தோழர்களோடு சேர்ந்து செய்வார்கள். நன்றாகத் தெரிந்தவர்கள் தனியே பயிற்சி செய்வார்கள். அந்தப் படிகளின் முடிவில் உள்ள மதிப்பீட்டு அட்டையைச் சரியாகச் செய்தால் அடைவு அட்டவணையில் ஒரு குறி. இல்லையென்றால் அதே பாடத்துக்கு வேறு அட்டை. ஒன்றாம் வகுப்புக்காரியும் மூன்றாம் வகுப்புக்காரனும் ஒரே பாயில் உட்கார்ந்து படிப்பது இங்கே குறைபாடு ஆகாது, முறையே அப்படித்தான்.

ஆசிரியரின் வேலை இதனால் குறையவில்லை. 40 பேருக்கு ஒரே பாடத்தை உரக்கச் சொல்வதைவிட, யார் எந்தப் படியில் ஏன் நிற்கிறார்கள் என்று கவனித்துக்கொண்டே இருப்பது கடினமான வேலை, அதிகத் திறமை கேட்கும் வேலை.

2007-இல் இந்த முறை மாநிலம் முழுவதும், 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளில் ஒன்று முதல் நான்கு வகுப்புகளுக்கு வந்தது. அதற்குள் விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராகியிருந்தார். அரசுப் பள்ளிகள் இந்த அளவில் இப்படி ஒரு முயற்சியில் இறங்கியது அரிது. அந்தத் துணிச்சலை நான் மனதார மதிக்கிறேன். ஆனால் சென்னையில் தாங்கள் எழுதிய அட்டையை ஆசிரியர்கள் வகுப்புக்கு எடுத்துப் போனார்கள். மற்ற மாவட்டங்களுக்கு அச்சிட்ட அட்டையும் சில நாள் பயிற்சியும் ஆணையும் போயின. அட்டை ஏன் அந்த வரிசையில் இருக்கிறது என்று அறிந்தவர், ஒரு பிள்ளை தடுமாறும்போது தானே புதிதாய் ஓர் அட்டை எழுதிவிடுவார். ஆணைக்காக நடத்துகிறவர் அட்டை கிழிந்தால் அடுத்த கட்டு எப்போது வரும் என்று காத்திருப்பார். புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று பெற்றோர் கேட்டபோதும் பல இடங்களில் நிதானமாக விளக்கிச் சொல்ல ஆள் இல்லை.

இப்படி நடைமுறை தளர்ந்தாலும், கருத்து அழியவில்லை. பெருந்தொற்றில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. அதில் பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டு, நிலைக்கேற்ற பயிற்சி பெறுகிறார்கள். எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்க்காமல், எதுவரை தெரியும் என்று பார்த்துத் தொடங்குவது ஏணியின் அடிப்படைதான்.

ஏணி நிலைக்கவும் மொட்டு மலராகவும் பள்ளிக்குள் ஒருவர் தினமும் அக்கறை காட்ட வேண்டும். அந்த ஒருவர் தலைமை ஆசிரியர். கல்வி உரிமைச் சட்டம் தொடக்கப் பள்ளிக்குத் தனியாக ஒரு தலைமை ஆசிரியரைச் சொல்வது, 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் மட்டும். சிறிய பள்ளியின் தலைமை ஆசிரியருக்கு வகுப்பும் உண்டு, அலுவலக வேலையும் உண்டு. தொடக்கப் பள்ளியில் எழுத்தர் பணியிடம் கிடையாது. எமிஸ் (கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை) பதிவு, சத்துணவுக் கணக்கு, விலையில்லாப் பொருள்களின் பட்டியல், சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் கையில், பெரும்பாலும் அவருடைய கைப்பேசியில். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறு பணிகளுக்கு ஆசிரியரை அனுப்பக்கூடாது என்று சட்டத்தின் 27-வது பிரிவு சொல்கிறது. பள்ளிக்கு உள்ளேயே குவியும் எழுத்து வேலையை அந்தப் பிரிவு தொடவில்லை. அதைக் குறைக்காமல் தலைமைப் பண்புப் பயிற்சி எத்தனை கொடுத்தாலும், சக ஆசிரியரின் வகுப்பில் போய் உட்கார அவருக்கு நேரம் கிடைக்காது.

பார்வையிட வரும் அலுவலரும் பதிவேட்டிலிருந்து தொடங்காமல் பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். அடைவு அட்டவணையைப் பார்த்து ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு, அவள் தாண்டியதாகக் குறித்திருக்கும் படியின் அட்டையைக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் நிலவரம் விளங்கிவிடும். தடுமாறினால், ஆசிரியருக்கு விளக்கக் குறிப்பாணை கொடுப்பதைவிட, அவரோடு உட்கார்ந்து அடுத்த அட்டையை எழுதுவது பலன் தரும்.

பெற்றோருக்கும் இதில் உரிமை இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்குக்குக் குறையாமல் பெற்றோரும், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிக்க வேண்டியதும் அந்தக் குழுதான். கூட்டத்தில் சுற்றுச்சுவர், கழிப்பறை பற்றிப் பேசுவது அவசியம். கூடவே, நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இன்னும் அரும்பு நிலையில் இருக்கிறார்கள், போன முறை எத்தனை பேர், அவர்களுக்காகத் தலைமை ஆசிரியருக்கு என்ன உதவி தேவை என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லலாம்.