குறைமாதக் குழந்தையின் எலும்பு



குளுவாங் பக்கம் எங்கள் தோட்டத்து லயத்தில் முப்பதாம் வாரத்திலேயே ஒரு குழந்தை பிறந்துவிட்டது. எடை ஒரு கிலோ இருநூறு கிராம். ஜொகூர் பாருவுக்குக் கொண்டுபோனார்கள். அங்கே தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, ஏதோ தூளைக் கலந்து, குழாய்வழி ஊட்டினார்கள். "தாய்ப்பாலைவிட உசத்தி உண்டா டீச்சர்? அதிலே எதுக்குத் தூள்?" என்று பாட்டி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். கேள்வி நியாயமானதுதான்.

எலும்பின் வடிவம் கருவில் முன்பே அமைந்துவிடுகிறது. அதற்கு உறுதி தரும் சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் நூற்றுக்கு ஏறக்குறைய 80 பங்கு கடைசி மூன்று மாதங்களில்தான் நஞ்சுக்கொடி வழியே வந்து சேருகின்றன. அந்நாள்களில் சிசு தன் ஒவ்வொரு கிலோ எடைக்கும் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்பைச் சேர்த்துக்கொள்கிறது. நூறு மில்லிலிட்டர் தாய்ப்பாலிலோ சுமார் 30 மில்லிகிராம்தான் உண்டு. பாஸ்பரஸ் அதில் பாதி. நிறைமாதக் குழந்தைக்கு இது தாராளம். முந்திப் பிறந்த பிள்ளைக்குத்தான் போதாது. ஆகவே, தாய்ப்பாலை நிறுத்தாமல், குறைகிற தாதுக்களை அந்தத் தூள் நிரப்புகிறது.

அதற்காகக் கடை மாவையோ கட்டிப் பாலையோ நாமே கலந்துவிடக் கூடாது. இனிப்புக் கட்டிப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதைக் கண்டித்து டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சிங்கப்பூரில் ஆற்றிய உரைக்குப் 'பாலும் கொலையும்' என்றே தலைப்பு. மருத்துவமனைத் தூள் வேறு; அதன் அளவை மருத்துவர்தாம் சொல்ல வேண்டும்.

"காலை வெயிலில் காட்டினால் சரியாகிவிடாதா?" என்பார்கள். வைட்டமின் டி கொத்தனார் போன்றது. செங்கல்லே இல்லாதபோது கொத்தனார் என்ன செய்வார்? அந்த வைட்டமினையும் சொட்டு மருந்தாகவே கொடுக்கிறார்கள்.

இந்த நலிவு தொடக்கத்தில் வெளியே தெரியாது. இரத்தத்தில் பாஸ்பரஸ் குறைவதையும், ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்னும் நொதி கூடுவதையும் வைத்தே மருத்துவர்கள் கண்டுகொள்கிறார்கள். கவனியாமல் விட்டால், அடிபடாமலே விலா எலும்போ கையெலும்போ முறியக்கூடும். ஆகவே, வீட்டுக்கு வந்த பிறகும் இரத்தப் பரிசோதனைக்கு அழைத்தால், "பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது" என்று தவணையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று, நம் வீடுகளில் எண்ணெய் தேய்த்து, கைகாலை இழுத்து நீவி, தலைகீழாகத் தூக்கிக் குளிப்பாட்டும் வழக்கம். எலும்பு உரம் பெறாத பிள்ளைக்கு இது ஆபத்து. இதைச் சொன்னபோது பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்போ எப்பத்தான் நீவறது?" என்றார். அடுத்த கிளினிக் நாளில் தாதியிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன்.